ஆணி வேண்டாத கடற்கரை

சோழமண்டலக் கரையில் படகு கட்டியவர்கள் நெடுங்காலம் இரும்பாணியை நம்பவில்லை. கட்டுமரம் என்ற பெயரே போதும், அது கட்டினது, அடித்தது இல்லை. மெட்ராஸிலும் பாண்டிச்சேரியிலும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றிப்போன மசூலா படகில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்திருந்தால் பலகை பிளந்துவிடும். முக்கியமான காரணம் அதுதான். துருப்பிடிக்க அதில் எதுவுமே இல்லை என்பது கூடவே கிடைத்த லாபம்.

அந்த லாபத்தின் அளவு தெரிய, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ் ஏறி, உப்பளங்களின் ஓரம் நிற்கிற தகரக் கொட்டகைகளைப் பார்க்க வேண்டும். தகரம் ஒருமாதிரி தாக்குப்பிடித்து நிற்கும். அதைப் பிடித்திருக்கிற போல்ட் மட்டும் வீங்கி, செதில் செதிலாக உதிர்ந்து, மரை எது தலை எது என்று தெரியாமல் கிடக்கும்.

ஏன் போல்ட் மட்டும்? இதே கேள்வி 1760களில் பிரிட்டிஷ் கடற்படைக்கு வந்தது. மரத்தைத் துளைக்கும் புழுவிடமிருந்து காப்பாற்ற ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்க 1761-ல் செம்புத் தகடு போர்த்தினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்த கப்பலைச் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. அதை அறைந்திருந்த இரும்பாணிகள் பல இடங்களில் கரைந்துபோய், தகடே கழன்றிருந்தது. ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே, சரக்கு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்தமான பொருள் அந்தக் காகிதம்தான். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. ஒன்று தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். வோல்ட்டா தன் மின்கலத்தை அறிவித்ததே 1800-ல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே ஒரு கப்பல் தன் வயிற்றில் அந்தச் சோதனையைச் செய்து முடித்துவிட்டது. அதிலும் மோசமான விகிதத்தில்: பெரிய செம்புப் பரப்பு, துக்கடா இரும்பாணி. இழப்பு முழுவதும் அந்தச் சின்ன ஆணியின் தலையில். 1780களில் கடற்படை இரும்பு போல்ட்டைக் கைவிட்டு செம்புக் கலவைக்கு மாறியது. 1824-ல் ஹம்ப்ரி டேவி, இதே விதியைத் திருப்பிப்போட்டு, செம்பைக் காப்பாற்ற இரும்பையும் துத்தநாகத்தையும் பலி கொடுத்தார். செம்பு கரைவது நின்றது, உடனே சிப்பியும் பாசியும் வந்து ஒட்டிக்கொண்டன. கரைகிற செம்புதான் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது!

எவர்சில்வர் வந்தது 1912, 1913-ல். ஜெர்மனியில் க்ரூப் நிறுவனத்தின் ஸ்ட்ராஸ், மௌரர் ஒரு பக்கம். ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழாய் தேய்மானத்துக்கு மருந்து தேடிய ஹாரி ப்ரியர்லி இன்னொரு பக்கம். இரும்பில் குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் உருவாகும். கீறினால் தானே வளரும், காற்றில் இருக்கிற ஆக்சிஜன் கிடைத்தால். போல்ட்டின் விதி இங்கேதான் இருக்கிறது. வாஷருக்கு அடியிலும் மரையின் இடுக்கிலும் உப்புத் தண்ணீர் தேங்கும், ஆக்சிஜன் போகாது. தோல் ஒருமுறை கிழிந்தால் மறுபடி வளராமல் ஊசிக்குழி விழ ஆரம்பிக்கும். அதற்காகத்தான் 316 வகையில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். 304-ல் அது கிடையாது. போல்ட் தலையைப் பார்த்தால் A2-70 அல்லது A4-80 என்று குத்தியிருக்கும்: A2 என்றால் 304 இனம், A4 என்றால் 316 இனம், பின்னால் வருகிற எண் பலம்.

திண்டிவனத்தில் நான் போகிற ஹார்டுவேர் கடை அண்ணன் அளவைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்பார். “விழுப்புரம் பக்கமா, மரக்காணம் பக்கமா தம்பி?” விழுப்புரம் என்றால் 304 தாராளமாகப் போதும், பல வேலைக்கு ஜி.ஐ.யே போதும். மரக்காணம் என்றால் 316 எடுத்து வைப்பார், விலையைச் சொல்லி நம் முகத்தையும் பார்ப்பார். கடைக்கு வருகிற பாதிப் பேர் காந்தத்தோடு வருகிறார்கள். ஒட்டாவிட்டால் ஒரிஜினல் என்று நம்பிக்கை. “காந்தத்துக்கு என்ன தெரியும், கடல் தெரியுமா?” என்பார் அண்ணன். நியாயம்தான். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. மரை உருட்டும்போது இறுகிய நல்ல 304-ல் லேசாக ஒட்டவும் செய்யும். கூரையோடு கழன்று தலையில் விழக்கூடிய சாமானைக் காந்தத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

திண்டிவனம், விழுப்புரம் வழியாகவே ராமேஸ்வரம் ரயில்கள் போகின்றன. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் பாலத்தைப் புயல்களோடு சேர்ந்து அரித்தது உப்புக்காற்று. 1964 டிசம்பர் புயல் அதன் 145 கர்டர்களில் 126-ஐக் கொண்டுபோனது. ஸ்ரீதரன் குழு 46 நாளில் நிமிர்த்தியது. புயலோடு ஒருமுறை சண்டை போட்டால் போதும். துருவோடு சுரண்டு, பெயின்ட் அடி, திரும்பச் சுரண்டு என்று வருஷம் முழுக்க. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே பாலிசிலாக்சேன் பெயின்ட், இணைப்புகள் முழுக்க வெல்டிங்.

மசூலா படகுக்காரர்கள் போலவே, இடுக்கே இல்லாமல் செய்துவிடப் பார்க்கிறார்கள். ஆனாலும் தண்டவாளத்தைப் பிடித்துவைக்க கிளிப்பும் போல்ட்டும் வேண்டியிருக்கிறது, ஒரு கீமேன் சுத்தியலோடு அதன்மேல் நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது.