ஆலைக்குள் ஒரு நூலகம்: தேடித் தருவோரின் நூற்றாண்டு

ஒரு நிறுவனம் செலவைக் குறைக்க முடிவெடுத்தால், முதலில் பூட்டப்படும் அறைகளுள் ஒன்று அதன் தொழில்நுட்ப நூலகம். புத்தகம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம், கட்டுரை வேண்டுமானால் கணினியில் கிடைக்கும், அதற்கென்று ஓர் அறையும் சம்பளத்துக்கு ஓர் ஆளும் எதற்கு என்பது நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் காரணம். நூலகம் என்பது நூல்களை அடுக்கிவைக்கும் கிடங்கு என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் தொழில்துறைக்குள் நூலகம் எப்படி வந்தது, யார் அதைக் கேட்டார்கள், அங்கே என்ன வேலை நடந்தது என்று நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. தொழில்நுட்ப நூலகம் தொடக்கத்திலிருந்தே ஒருவகை உழைப்பின் பெயராகத்தான் இருந்திருக்கிறது. பொறியாளரின் கேள்வியைப் புரிந்துகொள்வது, உலகெங்கும் சிதறிக் கிடப்பதிலிருந்து அதற்கு உரியதைப் பொறுக்கி எடுப்பது, கேட்பதற்கு முன்பே அவர் மேசைக்கு அனுப்புவது ஆகியவையே அந்த உழைப்பு. அலமாரிகள் அதற்கான கருவிகள் மட்டுமே. அந்த உழைப்பைச் செய்பவரை விலக்கிவிட்டுக் கருவியை மட்டும் கணினிக்கு மாற்றிய இடங்களில் எல்லாம் இழப்பு நேர்ந்திருக்கிறது.

முதலில் வந்தது சேகரிக்கும் ஆசைதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் சாயத் தொழிற்சாலைகள் வேதியியல் ஆய்வைத் தங்கள் மதிலுக்குள் கொண்டுவந்தபோது நூல்களையும் சேர்த்தன. பென்சீனின் வளைய அமைப்பைச் சொன்ன கெக்குலே 1896இல் இறந்த பிறகு, அவருடைய சொந்த நூலகத்தை பேயர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆனால் அமெரிக்காவில் இந்தத் தொழில் தனக்கென ஓர் அடையாளத்தைத் தேடியபோது பேச்சு சேகரிப்பைப் பற்றியதாக இல்லை. நியூவார்க் நகரப் பொது நூலகத்தின் தலைவரான ஜான் காட்டன் டானா, 1904இல் வணிகர்களுக்கென்றே ஒரு கிளையைத் திறந்திருந்தார். அங்கே வருபவர்கள் கேட்டவற்றுக்குப் பெரும்பாலும் புத்தகங்களில் விடை இல்லை. விலைப்பட்டியல், வரைபடம், முகவரித் தொகுப்பு, அரசு அறிக்கை, காப்புரிமை ஆவணம், நாளிதழ் நறுக்கு இவற்றில்தான் அவர்களுக்கு வேண்டியது இருந்தது. காப்பீடு, பொறியியல், வணிகச் சங்கம், சட்டமன்றம் எனப் பல இடங்களில் தனித்தனியே இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள், 1909 ஜூலை 2 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் பிரெட்டன் உட்ஸில் கூடி, டானாவைத் தலைவராகக் கொண்டு சிறப்பு நூலகங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அச்சில் வருபவை பெருகிக்கொண்டே போகின்றன, அவற்றில் பெரும்பகுதி சில காலமே பயன்படும், ஆகவே நூலகர் வேண்டியதை விரைவாகத் தேர்ந்தெடுக்கவும் பயன் முடிந்ததைத் தயங்காமல் கழிக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது டானாவின் நிலைப்பாடு. கழிப்பதைக் கடமையாகக் கொண்ட ஒரு தொழிலைக் கிடங்குக் காவல் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனில் இதே தேவையை முதல் உலகப் போர் உணர்த்தியது. சாயங்களுக்கும் ஒளியியல் கண்ணாடிக்கும் ஜெர்மனியை நம்பியிருந்த நாடு, போர் தொடங்கியதும் கைகட்டப்பட்டதுபோல் நின்றது. 1916இல் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக்கென ஓர் அரசுத் துறை உருவானது. அதன் ஆதரவில் பல தொழில்களில் போட்டி நிறுவனங்களே ஒன்றுகூடிக் கூட்டு ஆராய்ச்சிச் சங்கங்களை அமைத்தன. தனியாக ஓர் ஆய்வகத்தையோ நூலகரையோ வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு ஆலைகள், சந்தா கட்டி அவற்றைப் பொதுவாக வைத்துக்கொண்டன. இரும்பு சாரா உலோகங்களுக்கான சங்கத்தின் இயக்குநர் ஆர்.எஸ். ஹட்டன் போன்றவர்களின் முயற்சியால், 1924இல் ஹாடஸ்டனில் நடந்த மாநாட்டிலிருந்து ஆஸ்லிப் என்ற அமைப்பு பிறந்தது. நூலகர்களோடு ஆய்வு இயக்குநர்களும் அதில் முன்னின்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தகவல் தேடுவதை ஆய்வின் ஒரு பகுதியாகவே அவர்கள் கண்டார்கள். இதே கூட்டு வடிவம்தான் பின்னாளில் அகமதாபாத் ஜவுளி ஆலைகளின் ‘அடிரா’விலும், 1956இல் கோவை வட்டார நூற்பாலைகள் சேர்ந்து அமைத்த ‘சிட்ரா’விலும் இந்திய மண்ணில் வேரூன்றியது.

இத்தனை ஏற்பாடும் உண்மையிலேயே தேவைதானா, ஒரு துறையின் முக்கியமான நாலைந்து இதழ்களை வரவழைத்துப் படித்தால் போதாதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தின் தலைவர் எஸ்.சி. பிராட்ஃபோர்ட் அதற்கு எண்களால் விடை சொன்னார். 1934இல் ஒரு பொறியியல் வார இதழில் அவர் வெளியிட்ட கணக்கு இது. பயன்பாட்டுப் புவி இயற்பியல் என்ற ஒரே துறையில் சில ஆண்டுகளில் வந்த 1,332 கட்டுரைகளைத் தேடிப் பார்த்தபோது, அவை 326 இதழ்களில் பரவிக் கிடந்தன. முதன்மையான 9 இதழ்கள் 429 கட்டுரைகளைத் தந்தன. அடுத்த 59 இதழ்களில் 499 இருந்தன. மீதி 404 கட்டுரைகள் 258 இதழ்களில் ஒன்றும் இரண்டுமாகச் சிதறியிருந்தன. உயவு எண்ணெய் பற்றிய கட்டுரைகளிலும் ஏறக்குறைய இதே போக்கைக் கண்டார். இந்தக் கணக்கை ஓர் ஆலையின் கண்ணோட்டத்தில் படித்துப் பார்க்க வேண்டும். துறையின் தலைசிறந்த 9 இதழ்களையும் ஒரு பொறியாளர் வரி விடாமல் படித்தாலும், தன் துறையில் வெளியானதில் மூன்றில் ஒரு பங்குகூட அவர் கைக்கு வராது. இன்னொரு பங்கு, தன் துறைக்குத் தொடர்பே இல்லை என்று அவர் நினைக்கும் இதழ்களுக்குள் ஒளிந்திருக்கும். அவற்றின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சுருக்கங்களை வெளியிட்ட இதழ்கள் இதைச் சரிசெய்துவிடவில்லை. அவை ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பச் சுருக்கிக்கொண்டிருக்க, வெளியானவற்றில் பாதிக்கும் மேல் எதிலும் இடம்பெறாமல் போயின என்று பிராட்ஃபோர்ட் காட்டினார். சிதறல் என்பது அறிவு வளரும் விதத்திலேயே இருக்கும் இயல்பு. தனிமனிதரின் சுறுசுறுப்பால் அதை ஈடுகட்ட முடியாது. அதற்கென்றே பொறுப்பேற்ற ஒருவர் வேண்டும்.

சிதறியதைச் சேர்ப்பது பாதி வேலை. சேர்த்ததைக் கேள்வி வரும் கோணத்திலிருந்து எடுக்கும்படி வைப்பது மறு பாதி. அந்த மறு பாதிக்கு உலகம் கடன்பட்டிருக்கும் பெயர்களுள் முதன்மையானது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனுடையது. கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர் அவர். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். பழைய பகுப்புமுறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயத்தமான ஓர் எண் காத்திருக்கும், நூலை அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டியதுதான். தொழிற்சாலைக் கேள்வி அப்படி ஒரே எண்ணில் அடங்குவதில்லை. ஆட்டுத்தோலைக் குரோமியத்தால் பதனிடும்போது வெளியேறும் கழிவுநீரிலிருந்து அந்தக் குரோமியத்தை மீட்பது எப்படி என்று ஒருவர் கேட்டால், அதில் மூலப்பொருள் ஒன்று, வேதிப்பொருள் ஒன்று, செய்முறை ஒன்று, கழிவு ஒன்று, மீட்பு ஒன்று என ஐந்து முகங்கள் இருக்கின்றன. தோல் என்ற எண்ணின் கீழும் இதைத் தேடலாம், கழிவுநீர் என்ற எண்ணின் கீழும் தேடலாம். ஒன்றில் வைத்தால் மற்றதில் தேடுபவருக்குக் கிடைக்காது. பொருளை முகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு தந்து, தேவைக்கேற்பக் கோத்துக்கொள்ளும் வழியை ரங்கநாதன் காட்டினார். நூலைவிடக் கட்டுரையும், கட்டுரையைவிட அதிலுள்ள ஒரு பகுதியும் ஆய்வாளருக்கு முக்கியம் என்பதால், ஆவணமாக்கம் என்ற பணியை அவர் தனியே வலியுறுத்தினார். யுனெஸ்கோவின் உதவியோடு 1952இல் டெல்லியில் இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம் தொடங்கியது. 1962இல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை ரங்கநாதனே தொடங்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் பழகிய நாட்டில், ஏட்டிலிருப்பதைக் கறிக்கு உதவும்படி கொண்டுவந்து சேர்ப்பதையே ஒரு படிப்பாக்கியவர் அவர்.

கணினி பரவுவதற்கு முன் தொழில்நுட்ப நூலகங்கள் பயன்படுத்திய ஒரு கருவியைப் பார்த்தால் இந்த உழைப்பின் தன்மை விளங்கும். கெட்டியான அட்டையின் நான்கு விளிம்புகளிலும் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள் உண்டு. ஒன்று அரிமானம், ஒன்று அலுமினியம், ஒன்று உயர் வெப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அறிக்கை அரிமானத்தைப் பற்றிப் பேசினால், அதற்குரிய அட்டையில் அந்தத் துளைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள பகுதியை வெட்டிவிடுவார்கள். தேடும்போது அட்டைக் கட்டை நேராக அடுக்கி, அந்தத் துளை வழியாக நீண்ட ஊசியைச் செருகித் தூக்கிக் குலுக்கினால், வெட்டப்பட்ட அட்டைகள் மட்டும் கீழே விழும். விழுந்தவற்றை எடுத்து அடுக்கி, அலுமினியத் துளையில் மறுபடி ஊசியைச் செருகினால் இரண்டும் சேர்ந்தவை கிடைக்கும். இந்த வகை அட்டைகளுக்குக் குறியீட்டு முறை வகுத்தவர்களுள் கால்வின் மூவர்ஸ் ஒருவர். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், 1958இல் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு ஊழியரின் ஆர்வத்தையும் சொற்பட்டியலாகப் பதிந்துவைத்து, புதிய ஆவணம் வந்ததும் அதற்குப் பொருந்துபவருக்குத் தானாகவே அனுப்பும் முறையை முன்வைத்தார். ஊசி போய்க் கணினி வந்தது. ஆனால் எந்தத் துளைக்கு எந்தப் பொருள், எந்த அறிக்கையில் எதை வெட்டுவது, யாருக்கு எது தேவை என்ற முடிவுகள் கருவியிலிருந்து வந்தவை அல்ல. துறையையும் கேட்பவரையும் அறிந்த மனிதர் எடுத்தவை.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் அந்த மனிதர் எதற்கு என்பதே இன்றைய வலுவான ஆட்சேபம். இதற்கு 2001இல் அமெரிக்காவில் நடந்த ஒரு துயரம் பதில் சொல்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா ஆய்வொன்றில் ஹெக்சமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுத்த, நல்ல உடல்நலமுள்ள இளம் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பாதித்து இறந்தார். மருந்தின் பாதுகாப்பை அறிய ஆய்வாளர் தேடிய பப்மெட் தரவுத்தளம் அப்போது 1966க்கு முன் செல்லவில்லை. அந்த மருந்தால் நுரையீரல் கெட்டதைச் சொன்ன கட்டுரைகள் 1950களில் வந்தவை. தரவுத்தளம் எங்கே தொடங்குகிறது என்று கேட்கத் தெரிந்த, பழைய அச்சுக் குறியீட்டுத் தொகுதிகளைப் புரட்டத் தெரிந்த ஒருவர் தேடியிருந்தால் அவை கிடைத்திருக்கும். 2006இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செலவைக் குறைக்கவென்று சிகாகோ, டல்லஸ், கான்சஸ் சிட்டி நூலகங்களோடு வேதிப்பொருள்களுக்கான தன் சிறப்பு நூலகத்தையும் மூடியது. எல்லாம் கணினியில் கிடைக்கும் என்பதே அங்கும் சொல்லப்பட்ட காரணம். லாப நட்டத்தை முறையாகக் கணக்கிடாமலே மூடிவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு குறைகூறியது. மூடிய நூலகங்களைத் திறக்கும்படி நாடாளுமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இவை இரண்டும் வணிக நிறுவனங்களின் கதைகள் அல்ல. ஒன்று பல்கலைக்கழகம், மற்றது அரசு முகமை என்பதால் வெளியே வந்த கதைகள். ஒரு தனியார் ஆலைக்குள் இதே தவறு நடந்தால், அது கணக்கேட்டில் வேறொரு தலைப்பில் நட்டமாக எழுதப்பட்டு மறக்கப்படும்.

இன்னொரு வாதம் உண்டு. பொறியாளர்களுக்கே தேடத் தெரியும், தங்கள் துறையைத் தங்களைவிட அறிந்தவர் யார் என்பது அது. இதில் நியாயம் இருக்கிறது. தகவலைக் கையாளும் பொறுப்பை அறிவியலாளர்களும் ஏற்க வேண்டும் என்று 1963இல் ஆல்வின் வெயின்பெர்க் தலைமையிலான குழு அமெரிக்க அதிபருக்கு அளித்த அறிக்கையே வலியுறுத்தியது. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு மிக விலையுயர்ந்த அறிவு இணையத்தில் இல்லை. தோற்றுப்போன சோதனையின் அறிக்கை, பத்தாண்டுகளுக்கு முன் கைவிட்ட வடிவமைப்பின் காரணம், வாடிக்கையாளரின் புகாரைத் தொடர்ந்து மாற்றிய அளவு, ஓய்வுபெற்றவர் எழுதிவைத்த குறிப்பேடு ஆகியவை அதன் சுவர்களுக்குள்தான் இருக்கின்றன. அதே பழுதை வடிவமைப்புப் பிரிவு ஒரு பெயரிலும், பராமரிப்புப் பிரிவு வேறொரு பெயரிலும் எழுதிவைத்திருக்கும். இரண்டும் ஒன்றே என்று அறிந்து பதிந்துவைக்க ஒருவர் இல்லாவிட்டால், எத்தனை வல்லமை வாய்ந்த தேடுபொறியாலும் அதைத் தர முடியாது. பதியாததை எந்த இயந்திரமும் கண்டெடுக்காது.

நூலகத்துக்கு யாரும் வருவதில்லை, ஆகவே மூடுகிறோம் என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பல தொழில்நுட்ப நூலகங்கள் உண்மையிலேயே கிடங்குகளாகிவிட்டன. சந்தா புதுப்பிப்பதும் இதழ்களைத் தொகுத்துக் கட்டுவதுமே வேலை என்று இருந்த நூலகர்கள் தங்கள் தொழிலுக்குத் தாங்களே தீங்கு செய்தார்கள். ஆனால் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டைகளுக்குக் குறியீடு வகுத்த அதே மூவர்ஸ் 1959இல் அதைச் சொன்னார். தகவலைப் பெறுவது, பெறாமல் இருப்பதைவிடத் தொல்லையாகிவிட்டால் மக்கள் தேடும் வசதியைப் பயன்படுத்த மாட்டார்கள் என்றார் அவர். தெரிந்துகொண்டால் படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், சில நேரம் தொடங்கிய வேலையை நிறுத்த வேண்டும். முன்னர் நடந்த தோல்வியை எடுத்துக்காட்டுபவரைத் தடையாகப் பார்க்கும் நிர்வாகத்தின் கீழ் எந்த நூலகமும் வெறிச்சோடித்தான் கிடக்கும். அங்கே பழுது நூலகத்தில் இல்லை.

இந்த வரலாற்றிலிருந்து தமிழ்நாட்டுத் தொழில் நகரங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவானது. கோவையின் பம்பு தயாரிப்பாளரோ, ஆம்பூரின் தோல் பதனிடுபவரோ, ஓசூரின் உதிரிபாக ஆலையோ தனித்தனியே ஒரு நூலகரை வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கலாம். பிரிட்டனின் சிறு ஆலைகளாலும் முடியவில்லை. அவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். நூற்பாலைகள் அந்த வழியில் ஒரு நிறுவனத்தையே இங்கே கட்டிக் காட்டியிருக்கின்றன. பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கட்டடம் வேண்டாம், அலமாரிகள் குறையட்டும், எல்லாம் கணினிக்குள் போகட்டும். ஆனால் துறையை அறிந்து, கேள்வியைக் கேட்டு, தேடி, பதிந்து, உரியவரிடம் சேர்க்கும் ஆளை நீக்காதீர்கள். நீக்கிய இடங்களில் அவரை வேலைக்கு எடுத்து, ஆய்வுக் கூட்டங்களில் பொறியாளர்களுக்குச் சமமாக அவருக்கும் ஓர் இருக்கை கொடுங்கள்.