பைத்தியம் என்ற சொல்லும் குருதிச் சோதனையும்: தன்னுடல் தாக்கு நோய்களின் உயிர்க்குறிப்பான்கள் கடந்த வழி

பெங்களூரின் அடுகோடியை ஒட்டிச் செல்லும் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் வளாகம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வரும் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் நெடுநாள் பழக்கம். 1847 அளவில் பெங்களூரில் தொடங்கிய மனநோயாளர் காப்பகம் 1930களில் இவ்விடத்துக்கு மாறியது. 1954இல் அதனோடு சேர்ந்து அனைத்திந்திய மனநல நிறுவனம் அமைந்தது. 1974இல் இரண்டும் ஒன்றாகி, தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் ஆயின. மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் ஒரே வளாகம் என்னும் இந்த ஏற்பாட்டின் முழுப் பயன் பின்னாளில்தான் தெரிந்தது. நோயாளி எந்தப் பிரிவுக்கு உரியவர் என்னும் கேள்விக்கு, 2007க்குப் பிறகு, மூளைத் தண்டுவட நீரில் காணப்படும் ஓர் எதிர்ப்பொருளும் விடை சொல்லத் தொடங்கியது.

அந்த எதிர்ப்பொருளின் முன்வரலாறு ஒரு நூற்றாண்டு பழையது. அதைச் சொல்ல வேண்டுமானால் மேகநோயிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் ஒரு கூட்டம் நோயாளிகள் எப்போதும் இருந்தனர். தாம் அரசர் என்பார்கள். சில ஆண்டுகளில் நடை தளரும், பேச்சு குழறும், பின் இறப்பார்கள். 'பைத்தியத்தின் பொதுவாதம்' என்று இதற்குப் பெயர். 1906இல் பெர்லினில் ஆகஸ்ட் வாசர்மன் தம் உடனாய்வாளர்களோடு மேகநோய்க்கான குருதிச் சோதனையை வெளியிட்டார். இந்நோயாளிகளின் குருதியும் தண்டுவட நீரும் அச்சோதனையில் ஒன்றுபோல் விடையளித்தன. 1913இல் ஹிதேயோ நொகுச்சியும் ஜே. டபிள்யூ. மூரும் அவர்களின் மூளைத் திசுவிலேயே மேகநோய்க் கிருமியைக் காட்டினர். மனநோய் விடுதியின் ஒரு பகுதி அப்படியே தொற்றுநோய் இயலுக்குப் பெயர்ந்தது. ஆய்வகச் சோதனை ஒன்று 'பைத்தியம்' என்ற சொல்லின் எல்லையை நகர்த்திய முதற்பெரும் நிகழ்ச்சி இதுவே.

ஆனால் வாசர்மன் சோதனைக்குள் ஒரு புரிதற்பிழை பதுங்கியிருந்தது. மேகநோய் தாக்கிய சிசுவின் ஈரல் சாற்றைக் கொண்டு அச்சோதனை செய்யப்பட்டது. கிருமிக்கு எதிரான பொருளையே அது காட்டுகிறது என்று கருதப்பட்டது. அடுத்த ஆண்டே, நோயற்ற மாட்டிதயத்தின் சாற்றைக் கொண்டும் அதே விடையைப் பெறலாம் என்று தெரிந்துவிட்டது. 1941இல் மேரி பாங்க்பார்ன் அந்தச் சாற்றின் செயற்கூற்றைப் பிரித்தெடுத்துக் கார்டியோலிப்பின் என்று பெயரிட்டார். அது கிருமியின் பொருளன்று. உடலின் சொந்தக் கொழுப்புப் பொருள். ஆக, முப்பத்தைந்து ஆண்டுகளாக உலகம் தன்னுடல் எதிர்ப்பொருள் ஒன்றை அளந்துகொண்டு, அதைத் தொற்றின் சாட்சியாகப் படித்துவந்தது.

இதன் விலையைப் பெரும்பாலும் பெண்களே கொடுத்தனர். அமெரிக்காவில் 1935இல் கனெக்டிகட் மாநிலம் திருமணத்துக்கு முன் குருதிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. மேகநோய் ஒருநாளும் இல்லாத பெண்கள் பலர் அச்சோதனையில் 'நேர்மறை' ஆயினர். அச்சொல் ஒரு குடும்பத்தில் என்ன செய்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜோசப் ஏர்ல் மூர் இவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். 1955இல் அவரும் லட்ஸும் எழுதிய கட்டுரை, இத்தகைய நாட்பட்ட பொய்நேர்மறையாளர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னர் லூபஸ் நோய் வெளிப்படுவதைக் காட்டியது. சோதனை பொய் சொல்லவில்லை. வேறொரு நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸின் குழு கார்டியோலிப்பினுக்கு எதிரான பொருளை நேரடியாக அளந்து, அதனைக் குருதி உறைவோடும் தொடர் கருச்சிதைவோடும் இணைத்தபோது அந்த 'பொய்நேர்மறை' ஒரு நோயின் பெயராகவே ஆயிற்று.

வாதநோய் இயலின் மற்றக் குறிப்பான்களும் ஏறக்குறைய இதே காலத்தவை. 1940இல் ஆஸ்லோவில் எரிக் வாலர், 1948இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் ஆகியோர் வழியே முடக்குவாதக் காரணி வந்தது. 1948இல் மாயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ், ரிச்மண்ட், மார்ட்டன் மூவரும் எலும்பு மச்சையில் எல்.இ. அணுவைக் கண்டனர். 1957இல் ஜார்ஜ் ஃப்ரியூ ஒளிரும் சாயத்தால் உயிரணுக் கருவுக்கு எதிரான பொருளைக் காட்டினார். இன்று ஊர்தோறும் உள்ள ஆய்வகங்கள் எழுதித்தரும் ஏ.என்.ஏ. அறிக்கையின் மூலம் அதுதான்.

லூபஸ் மூட்டோடும் தோலோடும் நிற்கும் நோயன்று. வலிப்பு, மனக்குழப்பம், சில நேரங்களில் முழு உன்மத்தம் வரை அது செல்லும். இதற்கென ஒரு தனிக் குறிப்பான் வேண்டும் என்பது வாதநோயியலாரின் நெடுநாள் ஆசை. 1987இல் எலோயிசா போன்ஃபாவும் உடனாய்வாளர்களும் ரைபோசோம் பி புரதத்துக்கு எதிரான பொருளை லூபஸ் உன்மத்தத்தோடு இணைத்தனர். பெரும் நம்பிக்கை எழுந்தது. 2006இல் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தனியொரு நோயாளியிடம் நோயறிய அது அதிகம் உதவாது என்று தெரிந்தது. குறிப்பான் ஆய்வில் இத்தகைய சரிவுகள் வழக்கமானவை. பாடநூல்கள் இவற்றைக் கூறுவதில்லை என்பதே குறை.

2001இல் பெட்டி டயமண்டின் குழு வேறொரு வழியில் வந்தது. லூபஸில் மரபணுப் பொருளுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பியின் ஒரு துண்டையும் பற்றுகிறது என்று அவர்கள் காட்டினர். நினைவாற்றலுக்கு அடிப்படையான ஏற்பி அது. வாதநோயியல் அவ்வேற்பியின் வாசலுக்கு அன்றே வந்துவிட்டது. ஆயினும் அடுத்த கதவைத் திறந்தவர்கள் நரம்பியலார். அவர்கள் கண்ட எதிர்ப்பொருள் அதே ஏற்பியின் வேறோர் அலகில் ஒட்டுவது.

2005இல் ஜோசப் டால்மாவும் உடனாய்வாளர்களும் நான்கு இளம்பெண்களைப் பற்றி எழுதினர். நால்வருக்கும் சூலகத்தில் டெரட்டோமா என்னும் கட்டி. நால்வருக்கும் திடீரென மனநோய்க் குறிகள், பின் நினைவிழப்பு, மூச்சுத் தளர்ச்சி. 2007இல் அவர்கள் பென்சில்வேனியாவிலிருந்து 12 பெண்களின் விவரத்தோடு என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான பொருளை அறிவித்தனர். டெரட்டோமாக் கட்டிக்குள் நரம்புத் திசு இருக்கலாம். அதற்கு எதிராக எழும் தடுப்பாற்றல் மூளையையும் தாக்குகிறது என்பது விளக்கம். கட்டியே இல்லாதவர்களுக்கும் நோய் வரும் என்பது விரைவில் தெரிந்தது. 2008இல் 100 நோயாளிகளின் தொகுப்பு வந்தது. அவர்களில் 91 பேர் பெண்கள், சராசரி வயது 23. முக்கால்வாசிப் பேர் முழுமையாகவோ சிறு குறையோடோ தேறினர். 2013இல் 577 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில், இரண்டாண்டு கவனிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் நன்னிலை எய்தியிருந்தனர்.

இந்நோயின் தோற்றத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது வயதுப் பெண். சில நாள் காய்ச்சல், தலைவலி. பின் உறக்கமின்மை, அச்சம், யாரோ பேசுவது கேட்கிறது என்னும் முறையீடு. அடுத்த வாரம் வாயும் நாவும் தாமாக அசைகின்றன, கை ஒரே நிலையில் உறைந்து நிற்கிறது, பேச்சு அடங்குகிறது. குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ அழைத்துச் செல்லப்படும் பெண்ணைப் பற்றி வீட்டார் சொல்லும் கதையும் இதுவாக இருக்கக்கூடும். மனநல மருத்துவரிடம் வந்தாலும் இடர் தீர்வதில்லை. உன்மத்தத்துக்குத் தரும் மருந்துகளை இந்நோயாளிகளின் உடல் பலவேளை ஏற்பதில்லை. தசை விறைப்பும் காய்ச்சலும் ஏறும். அது மனநோய் முற்றுவதாகப் படிக்கப்பட்டால் மருந்தளவும் ஏறும். குறிப்பான் இல்லாத காலத்தில் இந்தச் சுழலிலிருந்து வெளியேற வழி குறைவு.

பெங்களூரில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. தென்னிந்தியாவில் காய்ச்சல், வலிப்பு, மனமாற்றம் மூன்றும் கூடினால் முதலில் எண்ணப்படுவது நச்சுயிரி மூளையழற்சி. அடுத்து காசநோய் மூளையுறை அழற்சி. சிறுவர்களிடம் தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் மூளைத்தேய்வு. மூன்றும் இங்கே உண்மையாகவே உள்ளவை. எனவே நான்காவது ஒன்றை எண்ணத் தோன்றாது. கலிபோர்னியாவில் நடந்த மூளையழற்சி ஆய்வொன்று, முப்பது வயதுக்குட்பட்டோரிடம் எந்தத் தனி நச்சுயிரியைக் காட்டிலும் இந்த எதிர்ப்பொருள் நோய் மிகுதி என்று 2012இல் அறிவித்தது. அதே பத்தாண்டில் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் பெண்கள், குழந்தைகள் அடங்கிய தொகுப்புகளை வெளியிடத் தொடங்கினர். உறைநிலையில் கிடக்கும் நோயாளியை மனநலப் பிரிவிலிருந்து நரம்பியல் பிரிவுக்கு மாற்ற அங்கே ஊர்தி வேண்டியதில்லை, தள்ளுவண்டி போதும். அடுகோடிக்கு அப்பால் கோரமங்களாவில், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், வாதநோய்ப் பிரிவு தனியே இயங்குகிறது. உன்மத்தத்தோடு வரும் லூபஸ் நோயாளிக்கு இரண்டு இடத்தின் அறிவும் வேண்டும்.

மேற்குக் கரையிலும் இதையொத்த மாற்றம் நடந்தது. கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வடிவமாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2004இல் வாண்டா லெனன் குழு அதற்குரிய எதிர்ப்பொருளைக் கண்டது. ஒன்றுக்குத் தரும் இன்டர்ஃபெரான் மற்றொன்றை மோசமாக்கும் என்பதால் இப்பிரிப்பு ஒருவரின் பார்வையைக் காக்கும் செய்தி. மங்களூரில் லேகா பண்டிட் தலைமையிலான குழு நோயாளர் பதிவேட்டோடு இந்த எதிர்ப்பொருளையும் ஆராய்ந்துவருகிறது.

இனி எச்சரிக்கைப் பகுதி. என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பொருளை எங்கே தேடுகிறோம் என்பது பெரிய வினா. 2014இல் வெளியான ஆய்வொன்றில் 250 நோயாளிகளின் தண்டுவட நீர் அனைத்திலும் அது இருந்தது. அவர்களின் சீரத்தில் 214 பேரிடம் மட்டுமே கிடைத்தது. இடுப்பில் ஊசியிட அஞ்சி, குருதியை மட்டும் அனுப்பி 'இல்லை' என்று வாங்கினால் ஏழில் ஒருவர் தவறிப்போவார். மறுபக்கமும் உண்டு. அதே ஆண்டு ஜெர்மனியில் 2,800க்கு மேற்பட்டோரின் சீரத்தைப் பரிசோதித்தபோது, நலமாயிருப்போர் உட்பட, ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இவ்வேற்பிக்கு எதிரான ஏதேனும் ஒரு வகைப் பொருள் காணப்பட்டது. வாசர்மன் கதையைப் படித்தவர்க்கு இது புதிதன்று. நாட்பட்ட மனச்சிதைவு நோயாளி ஒவ்வொருவருக்கும் சீரச் சோதனை எழுதி, மங்கலான ஒரு நேர்மறையைப் பிடித்துக்கொண்டு ஸ்டீராய்டு செலுத்துவது, முன்பு லூபஸ் பெண்களுக்கு ஆர்செனிக் செலுத்தியதன் மறுபதிப்பாகவே முடியும்.

2016இல் பன்னாட்டு வல்லுநர் குழு வகுத்த நோயறி நெறி இவ்விரு அபாயங்களையும் கணக்கில் கொண்டது. மூன்று மாதத்துக்குள் விரைந்து வளர்ந்த நினைவுக் குறையோ மனமாற்றமோ, அதனோடு வலிப்பு, தண்டுவட நீரில் வெள்ளணு மிகுதி, காந்த அதிர்வுப் படத்தில் மாற்றம் போன்றவற்றில் ஒன்று, பிற காரணங்கள் நியாயமாக விலக்கப்பட்டமை: இவை இருந்தால் எதிர்ப்பொருள் அறிக்கைக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம். சோதனைக்கும் இம்யூனோகுளோபுலினுக்கும் குடும்பம் நகையை அடகு வைக்கும் நாட்டில் இந்த ஒரு வரிக்கு எடை அதிகம். கட்டிலருகே செய்யும் பரிசோதனையை அது மீண்டும் முதல் இடத்தில் வைக்கிறது.

வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று எஞ்சுகிறது. ஜப்பானில் இளம்பெண்களுக்கு வரும், காரணம் தெரியாத மூளையழற்சி ஒன்று தனிப்பெயரில் முன்பே வழங்கிவந்தது. டால்மாவின் அறிவிப்புக்குப் பின், 2008இல், ஈஸுகாவும் உடனாய்வாளர்களும் பழைய நோயாளிகளின் உறைய வைத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தனர். அதே எதிர்ப்பொருள் இருந்தது. மாதிரியை எறியாமல் வைத்திருந்தவர்களால் பழைய நோயின் பெயரைத் திருத்த முடிந்தது. நிம்ஹான்ஸில் 1995இல் எஸ். கே. சங்கர் தொடங்கிய மூளைத் திசு வங்கியின் பயனும் இத்தகையது. பெங்களூர்க் காப்பகத்தின் பழைய பதிவுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சஞ்சீவ் ஜெயின், பிரதிமா மூர்த்தி போன்றோர் அம்மருத்துவமனையின் வரலாற்றை எழுதியுள்ளனர். அத்தகைய பழைய பதிவேடுகளில் பித்து, உறைநிலை என்ற சொற்களைக் காணும் இன்றைய வாசகர் உடனே ஓர் எதிர்ப்பொருளைப் பொருத்திப் பார்க்க விரும்புவார். குருதி இல்லாத இடத்தில் அது ஊகமே. அப்பதிவேடுகள் உறுதியாகக் காட்டுவது, எழுதிய மருத்துவர் எதைக் கண்டார், எதைக் கேட்டார் என்பது மட்டும்.

தேறிய நோயாளிகளிடம் கேட்டும் அதிகம் பெற முடியாது. நோய் உச்சத்தில் இருந்த வாரங்கள் பெரும்பாலோர் நினைவில் பதிவதில்லை. அந்நாட்களைப் பற்றி இருப்பவை, அருகிலிருந்த தாயோ தங்கையோ சொல்வதும், செவிலியர் வார்டுக் குறிப்பேட்டில் எழுதியதுமே.