மீற்றருக்குக் கண் முளைத்த கதை

நாங்கள் நாலு பேர் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கெண்டு தனியாக ஒரு சின்ன மீற்றர் பூட்டியிருக்கு. மின்சார சபைக்காரர் மாதம் ஒருக்கா வந்து முன்வீட்டு மீற்றரைப் பார்த்து பில்லை எழுதிக் கொடுத்திட்டுப் போவார். எங்கட மீற்றரை வாசிக்கிறது வீட்டுக்கார அன்ரி. அவ காலமையும் பின்னேரமும் பார்ப்பா. "நேற்று ராத்திரி ஆரோ அயன் பண்ணியிருக்கிறியள் என்ன?" எண்டு கேட்பா. சனி ஞாயிறு நாங்கள் ஊருக்குப் போனோமா, சோதனைக்கு விடிய விடிய முழிச்சிருந்தோமா எல்லாம் அவவுக்குத் தெரியும். எங்கட கதவை அவ ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஒரு இலக்கத்தை ஒரு நாளைக்கு இரண்டு தரம் பார்க்கிறா, அவ்வளவுதான்.

சுமார்ட் மீற்றர் எண்டால் என்னவெண்டு யாராவது கேட்டால் நாங்கள் இந்த அன்ரியைத்தான் உதாரணம் சொல்லுவோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கா மீற்றரைப் பார்த்து, பார்த்ததை ஒண்டும் மறக்காமல் எழுதி வைக்கிற அன்ரி. ஒரு நாளைக்கு 96 தரம், மாதத்துக்கு 2,880 தரம். பழைய மீற்றர் மாதத்துக்கு ஒரு இலக்கத்தைத்தான் சொன்னது. அந்த ஒன்றுக்கும் 2,880க்கும் இடையில் இருக்கிறதுதான் இந்தக் கட்டுரையின் விசயம்.

இதைக் கேட்டவுடன் "சுமார்ட் மீற்றரே வேண்டாம்" எண்டு சொல்ல எங்களால முடியாது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது எண்டு சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம். குரங்குக்குப் பின்னால இன்னொரு கதை இருந்தது. விடுமுறை நாளில் மின்சாரத் தேவை குறைவு, கூரைகளில் இருக்கிற சூரியப் படலங்களோ வெயிலுக்கு நிறைய உற்பத்தி செய்யும். அந்த நேரத்தில் வலையமைப்பு ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்காது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் நிப்பாட்டி வையுங்கோ எண்டு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டி வந்தது. எங்க எவ்வளவு உற்பத்தியாகுது, எவ்வளவு செலவாகுது எண்டு உடனுக்குடன் தெரிந்தால்தான் வெயிலையும் காற்றையும் நம்பி ஒரு நாடு ஓட முடியும். ஆகவே தேவை உண்மையானது. அந்தத் தேவைக்கு நாங்கள் என்ன விலை கொடுக்கிறோம் எண்டதுதான் கேள்வி. அதற்கு வரலாற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கு.

துத்தநாகத் தகட்டில் தொடங்கினது

1882இல் எடிசன் நியூயோர்க்கில் மின்சாரம் விற்கத் தொடங்கினார். அப்ப அவர் பாவித்த மீற்றரில் முள்ளும் இல்லை, இலக்கமும் இல்லை. ஒரு போத்தல் திரவத்துக்குள் துத்தநாகத் தகடுகள். கரண்ட் ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து மற்றதுக்கு உலோகம் நகரும். மாத முடிவில் ஆள் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்து பில் போடுவினம். வீட்டுக்காரருக்குத் தன்ர மீற்றர் என்ன சொல்லுதெண்டு தெரிய வழியே இல்லை, கொம்பனி சொன்னதுதான் கணக்கு. 1880களின் முடிவில் தட்டுச் சுத்துற மீற்றர்கள் வந்த பிறகுதான் இந்த நிலைமை மாறியது. கொம்பனிக்காரர் பார்த்த அதே இலக்கத்தை வீட்டுக்காரரும் பார்க்கலாம். எங்கட அப்பப்பா காலத்திலிருந்து விறாந்தைச் சுவரில் சுத்திக்கொண்டிருந்த அந்தத் தட்டு இந்தப் பரம்பரைதான்.

அதாவது மீற்றர் எண்டது தொடக்கத்திலிருந்தே, யாருக்கு என்ன தெரியலாம் எண்ட ஒரு உடன்பாடு. நூறு வருசத்துக்கு மேல அந்த உடன்பாடு "மாதத்துக்கு ஒரு இலக்கம், இரண்டு பேருக்கும் தெரியும்" எண்டு இருந்தது.

பிராங்பேர்ட், 1979

அந்த ஒரு இலக்கத்தை வைத்துக்கொண்டும் ஆளைத் தேடலாம் எண்டு காட்டியது மேற்கு ஜேர்மனி. செம்படைப் பிரிவு எண்ட ஆயுதக் குழுவைப் பொலிஸ் தேடிக்கொண்டிருந்த காலம். கூட்டாட்சிக் குற்றவியல் பொலிசின் தலைவராக இருந்த ஹோர்ஸ்ற் ஹெரோல்ட் கணினியை நம்பினவர். அவரின் யோசனை சிம்பிளானது: கள்ளப் பெயரில் ஒளிச்சிருக்கிறவர் வங்கிக் கணக்கால் கரண்ட் பில் கட்டமாட்டார், காசாகத்தான் கட்டுவார். 1979இல் பிராங்பேர்ட்டில் பில்லைக் காசாகக் கட்டினவர்களின் பட்டியல் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 பெயர்கள். அதிலிருந்து குடியிருப்புப் பதிவில் இருக்கிறவர், வாகனம் வைத்திருக்கிறவர், ஓய்வூதியம் எடுக்கிறவர் எண்டு உண்மையான பெயர்களைக் கணினி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனது. கடைசியில் மிஞ்சினது இரண்டு கள்ளப் பெயர்கள். ஒன்று போதைப்பொருள் வியாபாரி. மற்றது தேடப்பட்டுவந்த றோல்வ் ஹைஸ்லர். அந்த ஜூன் மாதமே அவரைப் பிடித்தார்கள்.

ஆயுதம் தாங்கிய ஒருவரைப் பிடித்தது பிழையா எண்டு கேட்கலாம். அதை நாங்களும் எங்களுக்குள்ள வாதாடினோம். ஆனால் மற்றப் பெயர்களை யோசியுங்கோ. பில்லைக் காசாகக் கட்டினதைத் தவிர அவை ஒரு குற்றமும் செய்யவில்லை. பில் அறவிடச் சேகரித்த தகவல், அவைக்குத் தெரியாமல், அவையைச் சந்தேக நபராக்கியது. இந்த மாதிரித் தேடுதல்கள்மேல் வளர்ந்த பயம் 1983 குடிசனக் கணக்கெடுப்புக்கு எதிரான பெரிய எதிர்ப்பிலும் வெளிப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் எங்க எப்படிப் பாவிக்கப்படலாம் எண்டு தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு எண்டு தீர்ப்பளித்தது.

1983 எண்ட இலக்கத்தை வாசிக்கும்போது எங்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். அந்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் வீடு வீடாக வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது எண்டு தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கினம், பல நூல்களும் பதிவு செய்திருக்கு. வாக்குப் போட எழுதின பட்டியல் அது. ஒரு தேவைக்கு எடுத்த பட்டியல் இன்னொரு தேவைக்குப் போகும் எண்டதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

கண்டுபிடித்தவரே எச்சரித்தார்

1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ஜோர்ஜ் ஹார்ட் எண்ட ஆய்வாளர் ஒரு விசயத்தைச் செய்து காட்டினார். ஒவ்வொரு மின்பொருளும் போடும்போதும் நிப்பாட்டும்போதும் மொத்தக் கரண்டில் ஒரு படி ஏறும், இறங்கும். பிரிட்ஜின் படி வேறு, தண்ணி மோட்டரின் படி வேறு. வீட்டுக்குள் போகாமல், வெளியில் வாற வயரில் அளந்தே உள்ளே என்னென்ன ஓடுது எண்டு பிரித்துச் சொல்லலாம். இது மின்சாரக் கொம்பனிகளின் ஆராய்ச்சிக்கு உதவ எண்டு செய்தது. 1989இல் அவரே ஒரு சஞ்சிகைக் கட்டுரையில், இது ஆளுக்குத் தெரியாமல் ஆளைக் கண்காணிக்கிற கருவியாகவும் மாறலாம் எண்டு எச்சரித்தார். சுமார்ட் மீற்றர் வீடுகளுக்குப் பரவலாக வருவதற்குப் பல வருசங்களுக்கு முன்னமே இந்த எச்சரிக்கை அச்சில் இருந்தது. ஆக, "இப்படி நடக்கும் எண்டு யாருக்குத் தெரியும்?" எண்டு இனி ஒருவரும் கேட்க முடியாது.

நெதர்லாந்து மறுத்த கதை

எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2008இல் நெதர்லாந்து அரசாங்கம் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. எல்லா வீட்டுக்கும் சுமார்ட் மீற்றர் கட்டாயம். மின்சாரத்தைக் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எரிவாயுவை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அளந்து அனுப்பும். வேண்டாம் எண்டு மறுத்தால் தண்டப்பணம், ஆறு மாதம் வரை சிறைகூட வரலாம். ஒரு மீற்றருக்குச் சிறை! கீழ்ச்சபையில் அது நிறைவேறியது.

பிறகு நுகர்வோர் சங்கம் ஒன்று ரில்பேர்க் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்வாளர்களிடம் ஒரு அறிக்கை கேட்டது. ஒருவர் எப்ப எழும்புகிறார், எப்ப வெளியில போகிறார், வீட்டில் எத்தனை பேர் எண்டெல்லாம் இந்தத் தரவில் தெரியும், இதைக் கட்டாயப்படுத்துவது ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரையோடு மோதும் எண்டு அந்த அறிக்கை சொன்னது. 2009 ஏப்ரலில் மேற்சபை அந்தச் சட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது. அரசாங்கம் திருத்திக்கொண்டு வர வேண்டியதாயிற்று. 2011இல் நிறைவேறின புதிய வடிவத்தில் மீற்றரை மறுக்கும் உரிமை இருந்தது. மீற்றரைப் பூட்டிவிட்டு தரவு அனுப்புவதை நிப்பாட்டி வைக்கும் தெரிவும் இருந்தது. அதுக்குப் பிறகு அங்கு சுமார்ட் மீற்றர் நின்றுபோகவில்லை, பெரும்பாலான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்டுவிட்டுப் பூட்டினார்கள், அதுதான் வித்தியாசம்.

பட்டியலின் விலையை அந்த நாடும் அறிந்ததுதான். நாசி ஆக்கிரமிப்பில், சமயத்தையும் குறித்து வைத்திருந்த ஒழுங்கான குடிசனப் பதிவேடு யூதர்களைத் தேடப் பயன்பட்டது. 1943 மார்ச் 27இல் எதிர்ப்பு இயக்கத்தினர் அம்ஸ்ரர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்து அட்டைகளைக் கொளுத்தினார்கள். அதுக்காகப் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2009 விவாதத்தை இதுதான் தீர்மானித்தது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையைக் கொளுத்த உயிர் கொடுத்த ஊர் அது எண்டதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்து நேப்பர்வில் நகரில் கதை இவ்வளவு மரியாதையாகப் போகவில்லை. மீற்றர் பூட்ட ஆட்கள் பொலிசோடு வந்தார்கள். 2013 ஜனவரியில் எதிர்த்து நின்ற இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2018இல் தீர்ப்பு வந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கா அரசு வீட்டுத் தரவை எடுப்பது அரசியலமைப்பின்படி ஒரு "சோதனையிடல்" தான் எண்டு நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் குற்றம் பிடிக்கும் நோக்கம் இல்லாததால் அது நியாயமானது எண்டு நகரத்தின் பக்கம் தீர்த்தார்கள். தரவு பொலிசுக்கு இலகுவாகக் கிடைத்தாலோ, இன்னும் குறுகிய இடைவெளியில் எடுத்தாலோ முடிவு மாறலாம் எண்டும் எழுதி வைத்தார்கள். தோற்ற வழக்குத்தான். எண்டாலும் மீற்றர் வாசிப்பதும் வீட்டுக்குள் தேடுவதுதான் எண்டு ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கு.

கலிபோர்னியாவில் 2012இல் மறுக்கும் உரிமை கிடைத்தது, ஆனால் காசுக்கு: தொடக்கத்தில் 75 டொலர், பிறகு மாதம் 10 டொலர். அங்க எதிர்த்தவர்களில் கனபேர் கதிர்வீச்சுக்குப் பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு அறிவியல் ஆதாரம் பலவீனம். சோகம் என்னவெண்டால், அதைக் காட்டியே எல்லாரையும் "விசர்க் கதை" எண்டு ஒதுக்க முடிந்தது. தனிமை பற்றிக் கேட்டவர்களின் நல்ல கேள்வியும் அதோட சேர்ந்து ஒதுங்கிப்போனது.

சுவிச் ஆரிட்ட?

பார்க்கிற கண்ணைப் பற்றியே பேசினோம். சுமார்ட் மீற்றருக்குக் கையும் உண்டு. தூர இருந்தே ஒரு வீட்டின் கரண்டைத் துண்டிக்கலாம். 2010இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான றொஸ் அன்டர்சனும் ஷைலேந்திர புலோரியாவும் கேட்டது இதைத்தான்: நிப்பாட்டுற சுவிச் ஆரின் கையில்? பிரித்தானியாவில் பில் கட்ட முடியாத வீடுகளின் மீற்றரை, ஒருவரும் கதவைத் தட்டாமலே, முற்கொடுப்பனவு முறைக்கு மாற்ற முடிந்தது. காசு போட்டால்தான் வெளிச்சம். 2015 டிசம்பரில் உக்ரைனில் ஊடுருவிகள் விநியோகக் கொம்பனிகளின் கணினிக்குள் புகுந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளரின் மின்சாரத்தை நிப்பாட்டினார்கள். ஒருவர் கையில் இருக்கிற சுவிச் இன்னொருவர் கைக்குப் போகாது எண்டு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இது எங்களுக்குக் கதையில் வாற விசயம் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது, பல வருசங்களுக்கு. எங்கட அம்மாமார் ஜாம் போத்தல் விளக்கில் படிச்சு ஏ/எல் எடுத்தவை. அப்பாமார் சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோ சுத்தி றேடியோவில் செய்தி கேட்டவை. ஒரு குடாநாட்டையே இருட்டில் வைக்கலாம் எண்டு கண்ட சனத்துக்கு, வீடு வீடாகத் தனித்தனியே நிப்பாட்டலாம் எண்ட தொழில்நுட்பத்தைச் "சும்மா ஒரு வசதி" எண்டு விளங்கப்படுத்துறது கஷ்டம்.

இலங்கைக்கும் சுமார்ட் மீற்றர் வந்துகொண்டிருக்கு. 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, ஆனால் அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வாறது தள்ளிப்போனது. மீற்றர் முந்தி வந்து சட்டம் பிந்தி வந்தால், நெதர்லாந்துக்காரர் கேட்டதை நாங்கள் கேட்கவே இடம் இருக்காது. ஆகவே இப்பவே கேட்போம். எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா அளக்கப் போறியள், அது உண்மையில் தேவையா? பில்லுக்கு மாதக் கணக்குப் போதும், வலையமைப்புக்கு ஒரு றான்ஸ்போமரின் மொத்தக் கணக்கே பல இடத்தில் போதும் எண்டால், வீட்டுக் கணக்கு எதுக்கு? எவ்வளவு காலம் வைத்திருப்பியள்? பொலிசோ இராணுவமோ கேட்டால் நீதிமன்ற உத்தரவில்லாமல் கொடுப்பியளா? எங்கட தரவை நாங்களும் பார்க்கலாமா, அல்லது திரும்பவும் துத்தநாகத் தகட்டுக் காலமா? சுவிச் ஆரிட்ட?

போன கிழமை அன்ரியிடம் கேட்டோம், "ஏன் அன்ரி ஒவ்வொரு நாளும் பார்க்கிறியள், மாத முடிவில பார்த்தால் காணாதா?" எண்டு. அவ கொஞ்ச நேரம் யோசித்துப்போட்டு, "பில் கூடிப்போகும் எண்ட பயத்தில தொடங்கினது பிள்ளையள், பிறகு பழகிப்போச்சு" எண்டா. இப்ப ஞாயிற்றுக்கிழமையில மட்டும் பார்க்கிறா. நாங்களும் கூட நிண்டு பார்க்கிறோம்.