சோழர் காலச் சரித்திரக் காதல் நாவல்கள்

வரலாற்றில் வாழ்ந்த மன்னர், தளபதி, இளவரசி ஆகியோருடன் கற்பனை மாந்தரையும் உலவவிட்டு, போர், சதி, காதல் மூன்றையும் பின்னிச் சொல்லும் நெடுங்கதையே சரித்திரக் காதல் நாவல். தமிழில் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுவது, திருகோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப் பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி'. அது நாயக்கர் காலக் கதை. பின்னாளில் கல்கியும் (1899–1954) சாண்டில்யனும் (1910–1987) எழுத வந்த பிறகு, சரித்திர நாவல் என்றாலே 10, 11-ஆம் நூற்றாண்டுச் சோழநாடு என்றாகிவிட்டது. பல்லவர் கதைகளும் பாண்டியர் கதைகளும் உண்டு. வாசகர் மனத்தில் சோழர்தான் முந்துகிறார்கள்.

இந்த ஈர்ப்புக்குக் கல்வெட்டுகளே பெரும் காரணம் எனலாம். நிலத்தின் நான்கெல்லை, செலுத்த வேண்டிய வரி, நந்தா விளக்கெரிக்க விட்ட ஆடு என எல்லாவற்றையும் சோழர் கல்வெட்டுகள் கணக்குப் பிசகாமல் சொல்லும். அந்த மனிதர்கள் யாரை விரும்பினார்கள், யாரை வெறுத்தார்கள் என்று கேட்டால் வாய் திறக்காது. பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கதை மட்டும் இல்லை. நாவலாசிரியன் புகுவதற்கு அந்த இடைவெளி போதும்.

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியும் அதில் உண்டு. எதற்காகக் கொன்றார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் கல்கி 'பொன்னியின் செல்வ'னை ஐந்து பாகங்களுக்கு நீட்டினார். கொலைக்குப் பின்னால் நிறைவேறாத காதல் ஒன்றை நிறுத்த நந்தினியைப் படைத்தார். இராசராசனின் தமக்கை குந்தவையின் காதலுக்கோ கல்லிலேயே ஒரு பிடி கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிக்கிறது. அவ்வளவுதான் செய்தி. அந்த வந்தியத்தேவர் வாய்த்துடுக்கும் அசட்டுத் துணிச்சலும் கொண்ட, குதிரையேறி வரும் வாலிபனானது முழுக்கக் கல்கியின் கைவண்ணம்.

அவன் வருவதே ஆடிப் பெருக்கன்று. வீரநாராயண ஏரியில் புதுவெள்ளம் புரள, கரையில் மக்கள் கூடிக் களித்திருக்கும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்நிய உலகம் ஒன்றுக்குள் நுழைகிறோம் என்ற தயக்கமே வாசகருக்கு எழுவதில்லை. தன் வீட்டுப் பண்டிகை, தனக்குத் தெரிந்த ஊர்ப்பெயர், அடிக்கடி காதில் விழும் தேவாரம். ஐரோப்பாவின் வால்டர் ஸ்காட்டும் அலெக்ஸாந்தர் டூமாவும் வகுத்த கதைப்பாங்கு கல்கியிடம் இருக்கிறது என்று விமரிசகர்கள் சுட்டுவது சரியே. அந்தப் பாங்கு இங்கே காவிரிக்கரை வண்டலில் வேர்விட்டு வேறொன்றாயிற்று.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் வந்தது. தொடர்கதையாக வந்ததால், ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்திலோ கேள்வியிலோ முடிந்தாக வேண்டியிருந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் ஏராளம். விளம்பரமும் படமும் சேர்ந்த அந்தத் தடித்த தொகுப்புகள் இரண்டு தலைமுறைக்குக் கைமாறின.

சாண்டில்யன் 'குமுதம்' வாசகர்களைப் பிடித்தது வேறு வகையில். கல்கியிடம் காதல் பெரும்பாலும் பார்வையோடும் குத்தல் பேச்சோடும் நின்றுவிடும். சாண்டில்யனிடம் உடலும் உண்டு. 'கடல் புறா'வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணி போற்றும் தளபதி. சோழர் கடாரத்தை வென்று, அடைக்கலம் தேடி வந்த மன்னனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாக வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறுகிறது. சாண்டில்யன் இவ்விரண்டையும் இணைத்து, கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி, மஞ்சளழகி என இரு நாயகியரையும், புறா வடிவில் கட்டிய போர்க்கப்பலையும் சேர்த்து மூன்று பாகம் எழுதினார். கடற்போர், காற்றின் திசை, கோட்டை முற்றுகை ஆகியவற்றை அவர் விவரிக்கும் பக்கங்கள் இன்றும் சலிக்காதவை. பெண்ணழகை வருணிக்கும் பக்கங்களுக்கு அந்தப் பாராட்டைத் தர முடியாது. கதை நின்றுபோகும் அளவுக்கு அவை நீள்கின்றன. அன்று அவற்றை ஒளித்துவைத்துப் படித்தவர்களே இன்று தாண்டிப் புரட்டுகிறார்கள்.

அகிலன், இராசேந்திர சோழன் காலத்தை வைத்து எழுதிய 'வேங்கையின் மைந்தன்' 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஜெகசிற்பியன், விக்கிரமன், அரு. ராமநாதன், கோவி. மணிசேகரன் ஆகியோரும் இவ்வகையில் எழுதிக் குவித்தனர். பின்னாளில் பாலகுமாரனின் 'உடையார்' வாளையும் சதியையும் பின்னுக்குத் தள்ளி, பெரிய கோயில் எழுந்த கதையை முன்னே கொண்டுவந்தது.

இவை கேளிக்கை எழுத்து என்பதும், அரசர் புகழ் பாடி உழவரையும் அடிமைகளையும் மறந்தன என்பதும் நெடுநாளாக உள்ள குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு. ஆனால் குந்தவை, வானதி, பூங்குழலி, அருள்மொழி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் செய்ததும், பாடநூலில் வெறும் ஆண்டுக்கணக்காக இருந்த சோழர்களை வீட்டுப் பேச்சாக்கியதும் இந்த நாவல்களே. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022, 2023-இல் இரு பாகங்களாக வந்தபின் புதிய தலைமுறையும் மூலத்தைத் தேடி வந்திருக்கிறது. அப்படி வருவோர் நாவலை முடித்த கையோடு கல்கியின் முடிவுரையையும் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தையும் படித்துவிடுவது நல்லது. பண்டாரத்தாரின் நூலில் எங்கே தேடினாலும் நந்தினி இல்லை.