துண்டுச் சீட்டும் கல்விக் கடனும்

போன ஜூலையில் குன்னூர் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மகளோடு வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று இரண்டு காகிதங்களை நீட்டினார். ஒன்றில், பொறியியல் கலந்தாய்வில் கிடைக்கக்கூடிய கல்லூரியின் கட்டணத்தைக் கையால் எழுதியிருந்தார்கள். மற்றது, ஒரு தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் கோட்டாவில் தருவதாகச் சொன்ன சீட்டுக்கான கடிதம். 25,000 ரூபாய் சலுகை என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அதைப் பார்த்ததும் பாட்டி அடிக்கடி சொல்லும் 'துண்டு' ஞாபகம் வந்தது.

எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, நீலகிரியில் டான்டீ தேயிலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். பாட்டி சொன்னது அதற்கும் முந்தைய காலத்துக் கதை. ஆள் பிடித்து வந்த கங்காணி கொடுத்த வழிச்செலவு, அரிசி எல்லாமே கடனாகக் கணக்கில் ஏறும். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், பழைய துரை ஒரு சீட்டு எழுதித் தருவார்: 'இன்ன தொகையைக் கட்டினால் ஆளை விடுகிறேன்.' அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும், தொழிலாளியின் கடன் அப்படியே அங்கே மாறிவிடும். ஆள் நகர்ந்தாலும் கடன் கூடவே நகரும். இந்த முறையை இலங்கை அரசு 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தது.

கல்விக் கடன் துண்டு இல்லை. இதில் யாரும் யாரையும் கட்டி வைப்பதில்லை. 2001-ல் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் வந்தபோது, 4 லட்சம் வரை ஈடு இல்லாமல் கடன் என்பது மலையில் பெரிய விஷயம். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம் அது. நான் பிஇ முடித்தது அதற்கு முன்னால், அப்பா நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தார். ஆனால் துண்டுக்கும் இதற்கும் ஒரு ஒற்றுமை உண்டு. வாங்கும் அன்று கடனின் முழு அளவு கண்ணுக்குத் தெரியாது.

அதனால் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தனியார் சீட்டுக்கு வருடம் 1 லட்சம் கடன் தேவைப்படும். நான்கு வருடப் படிப்பு, பிறகு ஒரு வருட அவகாசம். 10 சதவீதத் தனிவட்டியில் கட்ட ஆரம்பிக்கும்போதே 4 லட்சம் 5.4 லட்சமாகிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய், மொத்தம் எட்டரை லட்சத்துக்கு மேல். கலந்தாய்வு சீட்டென்றால் வருடம் 40,000 கடன் போதும். அதே கணக்கில் மாதம் சுமார் 2,850.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010-ல் இருந்து தமிழக அரசு தரும் கட்டணச் சலுகை ஒவ்வொரு வருடமும் தொடரும், ஆனால் கலந்தாய்வில் சேர்ந்தால்தான். தனியார் கடிதத்தின் 25,000 பெரிதாகத்தான் தெரிந்தது. கீழே பொடி எழுத்தில் 'முதல் ஆண்டுக்கு மட்டும்' என்று இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்திருந்தால் கட்டணமே இல்லை, ஆனால் அந்தப் பெண் எட்டாவது வரை மெட்ரிக் பள்ளியில் படித்தவள்.

வங்கியில் மறக்காமல் கேட்க வேண்டியது வட்டி மானியம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அவகாச வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் 2009-ல் வந்தது. கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. "ஏழாயிரத்த மாசாமாசம் யாரு கட்டுவா?" என்றார். மகள்தான் பதில் சொன்னாள்: "நான்தாம்மா கட்டணும். அதனால நானே முடிவு பண்றேன்."

கலந்தாய்வில் சேர்ந்துவிட்டாள். என் பாட்டியின் அப்பாவுக்கு அவர் கடன் எவ்வளவு என்று கங்காணி சொன்னால்தான் தெரியும். இவள் தன் கணக்கைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள்.