சுரஞ்சன் தாஸ் சாலை

போன வாரம் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்கை 1956-ல் பெங்களூருக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நிறுத்தினோம். இந்த வாரம் ஒரு சாலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பழைய மெட்ராஸ் ரோட்டையும் பழைய ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கும் சாலை அது. சி.வி. ராமன் நகர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காலை நேரத்துத் தலைவலி. பெயர், சுரஞ்சன் தாஸ் சாலை. வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர் யாரோ என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆள் போர் விமானி. இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்த சுதி ரஞ்சன் தாஸின் மகன்.

டாங்க் வடிவமைத்த எச்.எஃப்-24 'மாருத்'தை 1961 ஜூன் 17-ல் முதன்முதலாக வானில் ஏற்றியவர் இவர். 1964-ல் கிரண் பயிற்சி விமானத்தையும் இவரேதான். புது விமானம் என்றால், விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் முதலில் தாஸ் உட்கார வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள்.

மாருத்தை கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியக வாசலில் இன்றும் பார்க்கலாம். நடுவில் இடுப்பு சிறுத்து, மூக்கு நீண்ட ஒற்றை இருக்கை விமானம். பின்னால் போய் நின்றால் இரண்டு வால் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கோளாறு அங்கேதான். ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் என்பது கனவு. கிடைத்ததோ பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 703 எஞ்சின். ஒன்றுக்கு 4,850 பவுண்டு உந்துவிசை. அதைவிட வலுவான ஆர்ஃபியஸை உருவாக்க பிரிட்டிஷார் பணம் கேட்டார்கள், டெல்லி தரவில்லை. குதிரை வாங்கியாகிவிட்டது, கொள்ளுக்குக் கணக்குப் பார்த்தார்கள்.

சரி, இருக்கிற எஞ்சினையே முடுக்குவோம் என்று இறங்கினார்கள். வால் குழாயில் வெளியேறும் சூட்டிலேயே மறுபடி எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்துவதற்கு 'ரீஹீட்' என்று பெயர். உந்துவிசை கூடும். ஆனால் அந்தக் குழாய்களுக்கு இடம் கொடுக்க விமானத்தின் பின்புறம் பருக்க, காற்றின் இழுவையும் கூடிற்று. பெங்களூரோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி மேலே. மெலிந்த காற்றில் எந்த ஜெட்டுக்கும் மூச்சு கொஞ்சம் வாங்கும்.

1970 ஜனவரி 10. ரீஹீட் பொருத்திய மாருத்தில் தாஸ் கிளம்பினார். ஓடுதளத்தை விட்டு எழும்பிய சற்று நேரத்திலேயே விமானம் விழுந்து நொறுங்கியது. அவர் பிழைக்கவில்லை.

உயரத்தில் கோளாறு வந்தால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. தரையை விட்ட முதல் சில விநாடிகளில் உயரமும் இல்லை, வேகமும் இல்லை, திரும்பி வந்து இறங்க வழியும் இல்லை. 2019 பிப்ரவரி 1-ல் இதே எச்.ஏ.எல். ஓடுதளத்தில், மேம்படுத்திய மிராஜ் 2000 ஒன்றைச் சோதிக்கக் கிளம்பிய சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி இருவரையும் இப்படித்தான் இழந்தோம்.

தாஸுக்கு 1970-லேயே பத்மபூஷண் கொடுத்தார்கள். பழைய ஆர்ஃபியஸோடேயே மாருத் 1971 போருக்குப் போய் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே சண்டையிட்டது. ஒலியின் இரு மடங்கை மட்டும் அது கடைசிவரை தொடவில்லை.

ஆர்ஃபியஸுக்கு ரீஹீட் செய்துகொடுத்தது ஜி.டி.ஆர்.இ. என்ற அரசு எஞ்சின் ஆய்வகம். பின்னாளில் தேஜஸுக்காகக் காவேரி எஞ்சினில் இறங்கியவர்களும் அவர்களே. தேஜஸ் பறப்பதென்னவோ அமெரிக்க எஞ்சினில். ஆய்வகத்தின் முகவரி: சுரஞ்சன் தாஸ் சாலை, சி.வி. ராமன் நகர், பெங்களூரு 560093.

(தொடரும்)