பேத்தி படிக்கும் படிப்பு

சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து பேத்தி பேசினாள். அங்கே கவுன்சிலிங் முதுகலை படிக்கிறாள். "தாத்தா, அடுத்த வருஷம் 600 மணி நேரம் வெளியே போய் வேலை பாக்கணும். அதுல 240 மணி நேரம் ஆளுங்களோட நேருக்கு நேர் உக்காரணும்" என்றாள். உட்கார்ந்து என்ன செய்வாய் என்றேன். "கேட்பேன்" என்றாள்.

கேட்பதற்கு ஒரு பட்டமா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு நண்பரிடம் கவுன்சிலர் படிப்பு என்று சொன்னதும், அவர் எந்த வார்டு என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மூரில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்! சரி, இந்தப் படிப்பு எப்படித்தான் வந்தது என்று சில நாட்கள் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இதற்கு வேர் இரண்டு. இரண்டும் 1908ஆம் ஆண்டில்தான் வெளியே தெரிகின்றன.

முதலாவது பாஸ்டன் நகரில். ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் பொறியியல் படித்தவர், பள்ளியில் பாடம் நடத்தியவர், பிறகு வக்கீலானவர். தானே பல தொழில் மாறியதாலோ என்னவோ, வேலை தேடி அலையும் இளைஞர்களுக்கு வழிகாட்ட அந்த ஆண்டு ஜனவரியில் ஓர் அலுவலகம் திறந்தார். முதலில் உன்னை அறி, பிறகு தொழில்களை அறி, பிறகு இரண்டையும் பொருத்திப் பார். அவருடைய முறை அவ்வளவுதான். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் மறு ஆண்டுதான் அச்சில் வந்தது. 1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதை ஒரு பாடமாகவே வைத்தது.

இரண்டாவது கிளிஃபோர்டு பியர்ஸ். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1900இல் மனம் பேதலித்து மாடி ஜன்னலிலிருந்து குதித்தவர், உயிர் பிழைத்துக்கொண்டார். பிறகு மூன்று மனநோய் மருத்துவமனைகளில் அடைபட்டு, அடியும் கட்டும் பட்டு வெளியே வந்தார். அந்த அனுபவத்தை 1908இல் புத்தகமாக எழுதினார். அமெரிக்காவின் மனநல இயக்கம் அதிலிருந்து தொடங்கியது.

ஒன்று பிழைப்புக்கு வழி, மற்றொன்று மனதுக்கு மருந்து. இரண்டும் வெகுகாலம் தனித்தனியாகவே நடந்தன.

இணைத்தது எது என்று நினைக்கிறீர்கள்? ஒரு ரஷ்ய ராக்கெட்! 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் மேலே போனபோது எனக்கு ஏழு வயது. தெருவில் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அமெரிக்கா பயந்துவிட்டது. 1958 செப்டம்பரில் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயரே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டுபிடி, அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பு என்பது உத்தரவு. அதைச் செய்ய ஆள் வேண்டுமே? பல்கலைக்கழகங்களில் பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள். பயிற்சிக்கு வந்த ஆசிரியருக்கு வாரம் 75 டாலர், அவரை நம்பியிருக்கும் ஒவ்வொருவருக்கும் மேலும் 15 டாலர். (நான் வாழ்நாள் முழுதும் படிக்கணக்கு எழுதியவன், இந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன்.)

ஆனால் அரசாங்கம் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பையனை எதிரே உட்காரவைத்தால் அவன் கணக்கைப் பற்றியா பேசுவான்? வீட்டைப் பற்றிப் பேசுவான். அப்போது எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு வழி முன்பே தயாராக இருந்தது. கார்ல் ரோஜர்ஸ் ஓஹையோவில் பேராசிரியராக இருந்தபோது, ஆலோசனை நடக்கும் அறையில் பேச்சை இசைத்தட்டில் பதிவு செய்தார். ஒருவருடைய பேச்சு முழுவதையும் ஒரு சொல் விடாமல் 1942இல் புத்தகத்திலேயே அச்சிட்டார். அதுவரை அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று உள்ளே இருந்தவர் சொன்னால்தான் உண்டு. பதிவு வந்த பிறகு, ஆலோசகர் எங்கே குறுக்கே பேசினார், எங்கே அவசரப்பட்டார் என்று எவரும் கேட்கலாம். இந்தப் படிப்பு உண்மையில் படிப்பானது அந்தத் தட்டுகளால்தான் என்பது என் கருத்து.

1963 அக்டோபர் 31 அன்று கென்னடி ஊருக்கு ஊர் மனநல நிலையங்கள் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று வாரத்தில் அவர் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அவர்களோடு பேச மருத்துவர்கள் போதவில்லை. முதுகலை படித்த ஆலோசகர்கள் அங்கேயும் தேவைப்பட்டார்கள். 1976இல் வர்ஜீனியா மாநிலம் முதலில் அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. கடைசியாகக் கலிபோர்னியா, 2009இல். 33 வருடம்! கோப்பு நகரும் வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. பாடத்திட்டத்துக்குத் தரம் வகுக்கும் அமைப்பு 1981இல் வந்தது. பேத்தி சொன்ன 600 மணி நேரம் அவர்கள் வைத்த கணக்கு.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்களுக்கு இருந்தவர் சுர்வெய்யான் ழெனெரால். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் காக்கை கூடக் கத்தாது. பிரான்சில் 1970இல் அந்தப் பதவியின் பெயரை மாற்றி, கண்காணிப்பாளரை ஆலோசகர் ஆக்கினார்கள். அதற்குள் நான் பள்ளியை விட்டு வந்துவிட்டேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பா சைகோனிலிருந்து திரும்பவே இல்லை. மதிப்பெண் அட்டையில் அவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம்: "ப்யூ மியூ ஃபேர்", இன்னும் நன்றாகச் செய்யலாம். ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பதிவேட்டில் "ஆப்சான்" என்று எழுதினார்கள். ஒரு மாதம் கழித்துப் பெயரை அடித்துவிட்டார்கள். யாரும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் போகவில்லை.

இதைப் பேத்தியிடம் சென்ற ஞாயிறு சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று "அலோ, அலோ" என்றேன். "இருக்கேன் தாத்தா, சொல்லுங்க" என்றாள்.

அங்கே ஓர் ஆலோசகருக்கு 250 பிள்ளைகள் என்பது அவர்கள் சங்கம் சொல்லும் அளவு. பல இடங்களில் அதைவிட அதிகம்தானாம். அவளுக்கு இன்னும் பள்ளி ஒதுக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு வர முடியாது என்றாள்.